ஒரு ஆணி கூட இல்லாத கோயிலா? அல்மாட்டி பான்ஃபிலோவ் பூங்காவும் மரப் பேராலயமும்

கேள்வி, 3 நவம்பர் 2024

கஜகஸ்தான் அல்மாட்டியில் பான்ஃபிலோவ் பூங்காவுக்குள் ஒரு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் பேராலயம் இருக்கிறதாமே. முழுக்க மரம், ஒரு ஆணி கூட அடிக்காமல் கட்டியது, 1911 நிலநடுக்கத்தையே தாங்கி நின்றது என்று எந்த வீடியோவைத் திறந்தாலும் சொல்கிறார்கள். உண்மையா? டிசம்பரில் குடும்பத்தோடு நான்கு நாள் போகிறோம். அந்தப் பூங்காவுக்கு அரை நாள் ஒதுக்கலாமா, ஒரு மணி நேரம் போதுமா?

3 நவம்பர், இரவு

போன மாதம்தான் போய் வந்தேன். மகள் அங்கே மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எனக்குத் திண்டுக்கல்லில் மரக்கடை, 31 வருடம். அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

மரம் என்பது உண்மை. நிலநடுக்கம் உண்மை. ஆணி இல்லை என்பது பொய். என் கண்ணாலேயே வெளிப்பலகையில் ஆணித் தலைகளைப் பார்த்தேன். அரை நாள் ஒதுக்குங்கள்.

4 நவம்பர்

"பொய்" என்று எழுதியதற்கு இரண்டு பேர் கோபப்பட்டிருக்கிறார்கள். சரி, விரிவாகவே சொல்கிறேன்.

ஊருக்குப் பழைய பெயர் வெர்னி. 1887-இல் ஒரு பெரிய நிலநடுக்கம். செங்கல்லில் கட்டிய வீடுகள் ஏறக்குறைய எல்லாமே விழுந்தன; 300-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் செங்கல் என்றாலே பயம். பேராலயம் கட்டும் பேச்சு வந்தபோது மரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அழகோ சிக்கனமோ காரணம் இல்லை, அந்தப் பயம்தான் காரணம். வடிவத்தை வரைந்தவர் போரிஸோக்லெப்ஸ்கி, கட்டி நிறுத்தியவர் ஆந்த்ரேய் ஸென்கோவ் என்ற ராணுவப் பொறியாளர். 1904-இல் தொடங்கி 1907-இல் முடித்தார்கள். நான்கு வருடம் கூட ஆகவில்லை, 1911 ஜனவரி தொடக்கத்தில் கெபின் நிலநடுக்கம். அளவு 8-ஐ ஒட்டி. கோயில் நின்றது. ஊர்க்காரர்களுக்கு அது கடவுள் செயல், ஸென்கோவுக்கு அது கணக்கு. தான் கட்டிய மணிக்கூண்டு நெட்டை மரத்தின் உச்சி போல ஆடி வளைந்து கொடுத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். வளைந்ததால்தான் பிழைத்தது என்பது அவர் கட்சி.

மரம் தேவதாரு. பக்கத்து மலையிலிருந்தே வெட்டி இறக்கியது.

4 நவம்பர், கொஞ்ச நேரம் கழித்து

உள்ளே போகும்போது நான் செய்த கோமாளித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். படியேறியதும் பழக்க தோஷத்தில் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு கால் கழற்றியாகிவிட்டது. "அப்பா, இங்கே ஷூ இருக்கலாம், குல்லாதான் இருக்கக் கூடாது" என்றாள் மகள். ஆண்கள் தலையைத் திறக்க வேண்டும், பெண்கள் தலையை மூட வேண்டும். துப்பட்டா போதும். மறந்தவர்களுக்கு வாசலிலேயே ஒரு பெட்டியில் தலைத்துணி மடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக அந்தப் படியில் நின்ற என்னை ஒரு புறா கூட மதிக்கவில்லை.

6 நவம்பர்

திருத்தம் ஒன்று. தேவதாரு என்று எழுதியது தப்பு. கடைக்கு வரும் தேவதாருவை இத்தனை வருடம் விற்றுவிட்டு நானே இப்படி எழுதலாமா? அது தியான்ஷான் ஸ்ப்ரூஸ். கிறிஸ்துமஸ் மரம் என்று படம் போடுகிறார்களே, அந்த ஜாதி. தேவதாரு வேறு குடும்பப் பிரிவு, வாசனையே வேறு. மெதெயூ பனிச்சறுக்குத் திடலுக்கு மேலே மலைச்சரிவில் இந்த ஸ்ப்ரூஸ்கள் நிற்பதைப் பார்த்தேன். கிளையெல்லாம் உடம்போடு ஒட்டி, குடையை மடக்கி நட்டு வைத்த மாதிரி. அடிமரம் நூல் பிடித்தது போல நேராகப் போகிறது. அதைப் பார்த்ததும் கை தானாகச் சுற்றளவு அளக்கப் போனது. மகள் முறைத்தாள்.

நம் தேக்கு போல வைரம் பாய்ந்த கனம் இதில் கிடையாது. லேசான மரம். ஆனால் கனம் இல்லாததுதான் இங்கே லாபம். நிலம் ஆடும்போது தலையில் பாரம் குறைவாக இருந்தால் கட்டடத்துக்குப் பிழைக்க வழி உண்டு. நார் நீளமாக ஓடுவதால் வளைந்து நிமிரவும் செய்யும். தேக்கில் கட்டியிருந்தால் இதைவிட நன்றாக இருக்குமே என்று போன வேகத்தில் மகளிடம் சொன்னேன். இரண்டு நாள் யோசித்த பிறகு அதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

7 நவம்பர்

"ஆணித் தலையைப் பார்த்தேன் என்கிறீர்களே, அந்தப் பலகை எந்த வருடத்துப் பலகை?" என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான அடி.

அந்தக் கோயிலை 1970-களில் ஒருமுறை புதுப்பித்தார்கள். 2017 முதல் 2020 வரை மறுபடியும் பெரிய வேலை நடந்தது. நான் பார்த்த பலகை நேற்றுப் பிறந்த பலகையாக இருக்கலாம். அதில் இருக்கும் ஆணியை வைத்து 1907-இல் ஆணி இருந்தது என்று சொல்ல முடியாது. ஆகவே என் சாட்சி தள்ளுபடி.

ஆனால் வழக்கு தள்ளுபடி இல்லை. அடிமரங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, மூலைக்கு மூலை வெட்டுக் கொடுத்துக் கோத்திருக்கிறார்கள். அது போதாதென்று இரும்பு போல்ட்டுகளால் இறுக்கியிருக்கிறார்கள். ஆணியும் பயன்பட்டிருக்கிறது. "ஆணியில்லாக் கோயில்" என்ற பேச்சு பின்னால் வழிகாட்டிகள் வாயில் வளர்ந்தது.

மரக்கடைக்காரனாக என் ஊகம் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். படுக்கவைத்த மரம் காயக் காய உயரத்தில் சுருங்கும். நீளத்தில் ஒன்றும் ஆகாது, குறுக்குவாட்டில்தான் சுருக்கம். பத்து மீட்டர் சுவர் என்றால் ஒன்றிரண்டு வருடத்தில் சாண் கணக்கில் இறங்கிவிடும். ஆணி அடித்து நிறுத்தினால் மரம் இறங்கும், ஆணி இறங்காது, இடைவெளி விழுந்துவிடும். போல்ட்டு என்றால் நட்டைத் திருகி மறுபடி இறுக்கலாம். ஸென்கோவுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆகவே "ஆணி இல்லை" என்ற கதைக்குள் ஒரு சொட்டு உண்மை எங்கோ ஒளிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆணியை மட்டும் நம்பி அவர் கட்டவில்லை.

என் தாய்மாமா தேர் வேலை செய்தவர். இந்த ஆணிக் கதையை போனில் சொன்னேன். "எலேய், தேர்ல ஆயிரம் கழுந்து இருக்கும், கடையாணி ஒண்ணுதான். அந்த ஒண்ணை எடுத்துட்டு ஓட்டிப் பாரு" என்றார்.

7 நவம்பர், மறுபடி

மாமா சொன்னதை எழுதியதும் கேட்கிறார்கள்: கழுந்து என்றால் என்ன? ஒரு சட்டத்தின் முனையை மெலிதாகச் செதுக்கி இன்னொரு சட்டத்தின் துளைக்குள் நுழைப்பது. உங்கள் வீட்டு நிலைக்கதவைக் கழற்றிப் பாருங்கள். வேண்டாம், கழற்றாதீர்கள்.

9 நவம்பர்

பூங்காவைப் பற்றி யாருமே கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே ஆணிக் கதையைவிடப் பெரிய கதை நிற்கிறது.

பூங்கா சதுரமாக, ஊர் நடுவில். ஜிபெக் ஜோலி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். நான்கு பக்கமும் நான்கு தெரு: கோகோல், குனாயெவ், கஸிபெக் பி, ஸென்கோவ். ஆமாம், அதே ஸென்கோவ். எல்லாத் தெரு ஓரத்திலும் அரிக் என்று சின்ன வாய்க்கால் ஓடுகிறது, மலைத் தண்ணீர். அந்த ஊரில் வழி கேட்டால் தெற்கு வடக்கு என்று சொல்ல மாட்டார்கள். மலைப் பக்கம் மேலே, எதிர்ப்பக்கம் கீழே, அவ்வளவுதான். கொடைக்கானல்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்.

முதலில் அந்த இடம் இடுகாடு. பிறகு பொதுத் தோட்டம். அப்புறம் ஆட்சி மாற மாற பெயர் மாறியது: ஒரு காலம் புஷ்கின் பெயர், ஒரு காலம் லெனின் பெயர். 1942-இல் "28 பான்ஃபிலோவ் காவல்படையினர் பூங்கா" ஆனது. ஜெர்மானியர் மாஸ்கோவை நெருங்கிய 1941 குளிர்காலத்தில், நவம்பர் 16 அன்று, துபொசெகோவோ என்ற சின்ன ரயில் நிலையத்தருகே 28 வீரர்கள் டாங்கிகளைத் தடுத்து நிறுத்தி அனைவரும் மாண்டார்கள் என்பது கதை. அவர்கள் இருந்த 316-ஆவது படைப்பிரிவு அல்மாட்டியில் திரட்டப்பட்டது. தளபதி இவான் பான்ஃபிலோவ் இரண்டு நாள் கழித்து நவம்பர் 18 அன்று போர்முனையில் இறந்தார். பூங்காவில் 28 பேருக்கும் கல் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் பெயர்.

மஞ்சள் இலை கொட்டிக்கொண்டிருந்த காலையில் அந்தக் கற்களின் வரிசையில் நடந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க மகள் சொல்லிக்கொடுத்தாள். ரஷ்யப் பெயர், கசாக்குப் பெயர், கிர்கிஸ் பெயர் என்று கலந்து வருகிறது. தொண்டை அடைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

10 நவம்பர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மகள் போன் செய்தாள். "அப்பா, பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்களே."

மீதிக் கதை: 1948-இல் சோவியத் ராணுவத் தலைமை வழக்கறிஞர் அலுவலகமே விசாரித்து, அந்த 28 பேர் கதை பத்திரிகையாளர்கள் ஜோடித்தது என்று அறிக்கை எழுதியது. அறிக்கை மூடி வைக்கப்பட்டது. 2015-இல் ரஷ்ய அரசு ஆவணக் காப்பகம் அதைப் பொதுவில் வெளியிட்டது. விசாரணையில் வந்த ஒரு விவரம் என்னைச் சிரிக்கவும் வைத்தது, சங்கடப்படவும் வைத்தது. ராணுவப் பத்திரிகை ஆசிரியர் நிருபரிடம் அந்தக் கம்பெனியில், அதாவது அந்தச் சிறு படைக்குழுவில், எத்தனை பேர் என்று கேட்கிறார். முப்பது நாற்பது இருக்கலாம் என்கிறார் நிருபர். இரண்டு பேர் துரோகிகள் என்று வைத்துக்கொள்வோம் என்கிறார் ஆசிரியர். முப்பதில் இரண்டு போனால் 28. கணக்கு முடிந்தது. பெயர்களைப் பிறகு கம்பெனித் தலைவரிடம் கேட்டு, அவர் ஞாபகத்திலிருந்து சொன்னதை எழுதிக்கொண்டார்கள்.

இறந்ததாகச் சொன்னவர்களில் சிலர் உயிரோடு வந்து நின்றார்கள். தொப்ரபாபின் என்பவர் ஜெர்மானியரிடம் சிக்கி அவர்களின் காவல்துறையிலேயே வேலை பார்த்தது தெரிந்து சிறைக்குப் போனார். தானியில் குஜெபெர்கெனோவ் உயிரோடு அகப்பட்டதும், தான் அந்தச் சண்டையிலேயே இல்லை என்று ஒப்புக்கொண்டதும், பட்டியலில் தானியில் என்ற பெயரை அடித்துவிட்டு அஸ்கர் குஜெபெர்கெனோவ் என்று மாற்றினார்கள். ஆளை மாற்றினாலும் எண்ணிக்கையை மாற்றவில்லை. 28 என்றால் 28.

10 நவம்பர், இரவு

இரண்டு குறிப்பையும் சேர்த்துப் படித்தால் நான் தியாகத்தைக் கேலி செய்கிறேன் என்று தோன்றலாம். இல்லை. 316-ஆவது படைப்பிரிவு இருந்தது, சண்டை போட்டது, மாஸ்கோ வாசலில் கூட்டம் கூட்டமாகச் செத்தது. பான்ஃபிலோவ் செத்தது கதை இல்லை. துபொசெகோவோவில் அன்று சண்டை நடக்கவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு கம்பெனியிலேயே நூற்றுக்கு மேல் ஆட்கள் செத்தார்கள் என்று படைப்பிரிவின் ரெஜிமெண்டுத் தலைவரே விசாரணையில் சொன்னார். 28 பேரைக் கல்லில் ஏற்றியபோது மற்றவர்கள் பெயரில்லாமல் போனார்கள். எனக்கு உறுத்துவது அதுதான். ஆணி விஷயமும் இதே கதைதான்: அதிசயத்தைச் சொல்லப் போய் ஆசாரியின் கணக்கு மறந்துபோகிறது.

11 நவம்பர்

நேற்றைய கடைசி வரியை ஒருவர் "பிரசங்கம்" என்கிறார். சரிதான். விட்டுவிடுவோம். சாப்பாட்டுக்கு வருவோம்.

பூங்காவிலிருந்து இறங்கினால் பச்சைச் சந்தை, கோக் பஜார். உலர்பழம், கொட்டை, தேன், ஒரு வரிசை முழுக்கக் குதிரை இறைச்சி. கஸி என்று குதிரை இறைச்சித் தொத்திறைச்சி தொங்குகிறது. நான் சைவம் இல்லை, ஆனாலும் கால் தானாக வேகமாக நடந்தது. குர்ட் என்று உருட்டிக் காயவைத்த தயிர் உருண்டை ஒன்றை ருசி பார்க்கக் கொடுத்தார்கள். மோர்மிளகாயிலிருந்து மிளகாயை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்குமோ அதுதான். எனக்குப் பிடித்தது. மகளுக்கு மூன்று வருடமாகியும் பிடிக்கவில்லை.

கொரியர்கள் கடை வரிசையும் உண்டு. 1937-இல் ஸ்டாலின் தூரக் கிழக்கிலிருந்து கொரியர்களைக் கூட்டமாக ரயிலேற்றி இங்கே இறக்கினார். தங்கள் ஊர்ச் சீன முட்டைக்கோஸ் கிடைக்காத இடத்தில் கேரட்டை நூலாகச் சீவி, பூண்டும் மிளகாய்த்தூளும் போட்டு ஊறவைத்தார்கள். இன்று அது அந்த நாட்டுச் சாப்பாட்டோடு சேர்ந்துவிட்டது. ஹாஸ்டல் பிள்ளைகள் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்வது இதைத்தான்.

13 நவம்பர்

"கேரளாவில் கோட்டயம் பக்கம் இருக்கும் ஆர்த்தடாக்ஸ் சபையும் இதுவும் ஒன்றா?" நல்ல கேள்வி. இல்லை. இரண்டுக்கும் பெயர் ஒன்று, பாதை வேறு. 451-இல் நடந்த கல்செதோன் பொதுச்சங்கத்தின் முடிவை ஏற்ற பக்கம் கிரேக்க, ரஷ்ய சபைகள். ஏற்காத பக்கம் எகிப்து, ஆர்மீனியா, சிரியா, எத்தியோப்பியா. கோட்டயத்து மலங்கரை சபை இந்த இரண்டாம் பக்கம். அல்மாட்டிப் பேராலயம் மாஸ்கோ பிதாப்பிதாவின் கீழ் வருகிறது. ஆனால் தூபத்தின் மணமும் நின்றுகொண்டே வழிபடுவதும் கோட்டயத்துக்காரருக்கு அந்நியமாக இருக்காது.

உள்ளே பெஞ்சு வரிசை இல்லை. ஓரத்தில் வயதானவர்களுக்கு ஒன்றிரண்டு இருக்கை, அவ்வளவுதான். எதிரே திருவோவியங்கள் அடுக்கிய உயரமான தடுப்புச் சுவர். அந்த ஓவிய வேலை உள்ளூர் ஓவியர் நிகொலாய் ஹ்லூதொவுடையது. சுவருக்கு நடுவில் கதவு, கதவுக்குப் பின்னால் திரை. சில நேரம் திறக்கிறது, சில நேரம் மூடுகிறது. திரை விழுந்ததும் நான் பெருமாள் கோயில் ஞாபகத்தில் நைவேத்தியம் போல என்று நின்றுகொண்டிருந்தேன். அதிகம் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

13 நவம்பர், சேர்ப்பு

மெழுகுவர்த்தி பற்றி எச்சரிக்கை. இதுதான் இந்த இழையிலேயே முக்கியமான தகவல்.

வாசலுக்கு அருகே மேஜையில் மெல்லிசான மெழுகுவர்த்திகள் விற்கிறார்கள். மகளுக்கு அந்த வாரம் உடற்கூறியல் தேர்வு. அவள் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருக்க, நான் ஒன்றை வாங்கி, காலியாக இருந்த ஒரு தாங்கியில் ஏற்றி, கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் ஒரு பாட்டி என்னையே பார்த்தபடி தலையை ஆட்டுகிறார். ஏதோ கேட்டார். புரியவில்லை. மகளைக் கூப்பிட்டேன். பாட்டி கேட்டதை அவள் மொழிபெயர்த்தாள்: "இறந்தது யார்?"

சதுரமாக, தாழ்வாக, ஒரு சின்னச் சிலுவை வைத்த மேஜை இறந்தவர்களுக்கு. உயரமாக, வட்டமாக இருக்கும் தாங்கிகள் உயிரோடு இருப்பவர்களுக்கு. பாட்டியே என் மெழுகுவர்த்தியைப் பிடுங்கி எடுத்துப்போய் ஒரு வட்டத் தாங்கியில் நட்டு, மகள் தலையில் கை வைத்து ஏதோ சொன்னார். தேர்வில் அவள் தேறிவிட்டாள். பாட்டி கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

17 நவம்பர்

சோவியத் காலத்தில் கோயிலை இடிக்காமல் விட்டது எப்படி என்று கேட்கிறார்கள். வேலை கொடுத்து வைத்திருந்தார்கள். 1920-களில் மணிக்கூண்டில் வானொலிக் கருவி ஏற்றினார்கள். பிறகு பல பத்தாண்டுகள் அதுதான் குடியரசின் மைய அருங்காட்சியகம். 1980-களில் அருங்காட்சியகம் புதுக் கட்டடத்துக்குப் போனது. 1995-இல் கோயில் சபையிடம் திரும்ப வந்தது, 1997 முதல் மறுபடி வழிபாடு. 28 பேர் கதை பொய் என்று தெரிந்த அரசே அவர்கள் பூங்காவை வைத்திருந்தது. கடவுள் இல்லை என்ற அரசே கோயிலுக்கு வண்ணமும் பூசிவைத்தது. மரம் வளைந்து கொடுத்த மாதிரி அரசும் காலத்துக்கேற்ப வளைந்திருக்கிறது.

17 நவம்பர், உடனே

"கடவுள் இல்லை என்ற அரசே..." வரி கொஞ்சம் சாமர்த்தியமாக வந்துவிட்டது. அதே காலத்தில் எத்தனையோ கோயில்களை இடிக்கவும் செய்தார்கள். இது தப்பியது, அவ்வளவுதான்.

21 நவம்பர்

நிலநடுக்கம் பற்றிப் பயந்து ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். மறைக்காமல் சொல்கிறேன். 2024 ஜனவரி 23, நள்ளிரவு தாண்டியதும் சீன எல்லைப் பக்கத்தில் 7 அளவில் ஒன்று. அல்மாட்டி முழுக்கத் தெருவுக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் போன் அடித்தபோது நான் இன்னும் தூங்கவில்லை. "அப்பா, கட்டடம் ஆடுச்சு, கீழ எறங்கிட்டோம், செருப்பு மட்டும்தான், கால் உறையுது" என்றாள். பின்னால் நூறு பிள்ளைகளின் சத்தம், அதில் தமிழும் இருந்தது. அன்று முதல் அவள் கட்டில் அருகே ஷூவும் ஜாக்கெட்டும் தயாராக இருக்கின்றன. மார்ச்சில் இன்னொன்று வந்தபோது பழகிவிட்டாளாம். அப்பாவுக்குத்தான் பழகவில்லை.

போன மாதம் அந்தக் கோயில் தூணைத் தொட்டுக்கொண்டு நான் அதிக நேரம் நின்றதற்குக் காரணம் பக்தி இல்லை. அவள் ஹாஸ்டல் கான்கிரீட்.

24 நவம்பர்

டிசம்பரில் போகும் நண்பருக்கு, கடைசியாக நடைமுறை விஷயம்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 14 நாள் வரை விசா வேண்டாம், 2022-இலிருந்து. கடிகாரத்தை அரை மணி பின்னால் வையுங்கள். 2024 மார்ச்சில்தான் நாடு முழுக்க ஒரே நேரமாக்கினார்கள். அதற்கு முன் அல்மாட்டி நம்மைவிட அரை மணி முன்னால் இருந்தது. பழைய வீடியோவை நம்பி மகளுக்குத் தப்பான நேரத்தில் போன் செய்து எழுப்பியவன் சொல்கிறேன்.

விமான நிலைய வாசலில் தானாக வந்து பெட்டியைத் தூக்கும் டாக்ஸிக்காரர்களைத் தவிருங்கள். நான் கொடுத்த தொகையைக் கேட்டு மகள் இரண்டு நாள் சிரித்தாள். போனில் செயலியில் கூப்பிடுங்கள்.

பூங்காவுக்குக் காலையில் போங்கள். முதலில் கோயில். வெளியே நின்று கும்மட்டத்தில் சாய்சதுரக் கட்டங்களைப் பாருங்கள், பல வண்ணம். மரம் என்று சொல்லாவிட்டால் சுண்ணாம்புப் பூச்சு என்றே நினைப்பீர்கள். நானே பக்கத்தில் போய்த் தட்டிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன். பிறகு போர் நினைவிடம். 1975-இல் திறந்தது. அணையா விளக்கு எரியும். கல்லுக்குள்ளிருந்து கைகளை விரித்துக்கொண்டு பாய்ந்து வருகிற ஒரு சிப்பாய். குழந்தைகள் கொஞ்சம் மிரளலாம். சனிக்கிழமையானால் மணப்பெண்கள் வெள்ளை உடையில் வந்து விளக்கருகே பூ வைப்பார்கள். கல்யாணத்தன்று போர்ச் சின்னத்துக்கா என்று முதலில் விநோதமாக இருந்தது. நம் ஊரில் குலதெய்வமாக நிற்கும் பாதிப் பேர் சண்டையில் செத்தவர்கள்தானே என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

பூங்காவின் இன்னொரு பக்கத்தில் இசைக்கருவி அருங்காட்சியகம். அதுவும் மரக்கட்டடம், 1908, அதுவும் ஸென்கோவ் வேலை. உள்ளே தோம்ப்ரா, குதிரைமயிர் நரம்பு கட்டிய கோபிஸ். கூட்டம் இல்லாத இடம். கோயிலில் வண்ணத்துக்குள் மறைந்த ஆசாரி வேலையை இங்கே தாராளமாகப் பார்க்கலாம். எனக்குக் கோயிலைவிட இதுவே பிடித்தது என்றால் அடிக்க வருவீர்கள்.

2 டிசம்பர்

இல்லை, கோயில்தான். படங்களை மறுபடி பார்த்தேன்.

29 டிசம்பர்

கேள்வி கேட்ட நண்பர் போய் வந்துவிட்டார். பனியில் மூடிய படம் போட்டிருக்கிறார், நன்றி. அவருடைய வழிகாட்டியும் "ஒரு ஆணி கூட இல்லை" என்றாராம். இவர் போல்ட்டுக் கதையை எடுத்துவிட்டாராம். "போல்ட்டு ஆணி ஆகாது, ஆகவே நான் சொன்னது சரி" என்றாராம் வழிகாட்டி. இந்த ஆளுக்கு எங்கள் கடையில் வேலை போட்டுக்கொடுக்கத் தயார்.

8 ஜனவரி 2025

ஜனவரி 7 அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸ், அரசு விடுமுறை. மகள் தோழிகளோடு முந்தின இரவு வழிபாடு பார்க்கப் போயிருக்கிறாள். நிற்க இடமில்லையாம். வட்டத் தாங்கியில் சரியாக ஒன்றை ஏற்றிவிட்டு, என் சார்பில் மெழுகுவர்த்தி விற்கும் அம்மாளிடம் ஆணிக் கேள்வியையும் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னாராம்: "எனக்கு மெழுகுவர்த்திக் கணக்கே சரியா வரமாட்டேங்குது. ஆணிக் கணக்கு வேணும்னா ஸென்கோவைக் கேளு. பூங்காவைத் தாண்டினா அவர் தெருதான்."